இறங்கச் சொல்லும் உரிமை

மலைவிடுதி, கிரெஸ்ஸோனி, வட இத்தாலி
ஜூன் 21

அன்பு அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் முழங்காலைப் பற்றி முதலில் எழுது, மற்றவை பிறகு வரட்டும். அம்மா எப்படி? அப்பாவின் கப்பல் இன்னும் நாப்போலிக்குத்தானா?

இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வரும் மாதங்களிலும் இப்படித்தான். போனில் கதைத்தால் அம்மா அழுவார். நான் ‘ஒண்டுமில்லையம்மா’ என்பேன். அது நாக்கில் பழகிவிட்டது. தாளில் எழுதும்போது கை கொஞ்சம் நின்று யோசிக்கிறது.

விடுதி இரண்டாயிரத்து எழுநூறு மீற்றரில் இருக்கிறது. காலையில் பானை கழுவுகிறேன். இருபது பேருக்குப் படுக்கை விரிக்கிறேன். மதியம் மூவாயிரத்து அறுநூறுவரை ஏறி அரை மணி நேரம் நிற்கிறேன். பிறகு தூங்க இங்கேயே இறங்குகிறேன். உடம்பு உயரத்தைக் கற்கும் முறை இது. மேலே கொண்டுபோய்க் காட்ட வேண்டும், தங்க விடக் கூடாது. இறங்கியபிறகுதான் இரத்தம் பாடத்தைத் திரும்பப் படிக்கிறது.

செப்டெம்பரில் நேபாளத்து மனாஸ்லு. எட்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று மீற்றர். அடிவார முகாமிலிருந்து மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்க வேண்டும், ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் மேலே. நான்காம் தரம் உச்சி. நீயும் நானும் நான்கு வருடம் கதைத்த மலை. போவது ஒருவர். சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். மேலே போகப்போக மூளை முதலில் இழப்பது தன்மீதுள்ள சந்தேகத்தையாம். எல்லாம் சரி என்றே தோன்றுமாம். ஆகவே முடிவு என்னிடம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் அடிவார முகாமுக்கு இறங்கியதும், மறுநாள் காலை இலக்கங்களை அனுப்புவேன். இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம், நாடி எத்தனை, என்ன சாப்பிட்டேன். நீ பார். நீ ‘இறங்கு’ என்று எழுதினால் இறங்குவேன். காரணம் கேட்க மாட்டேன்.

ஆறு வருடம் பலேர்மோக் கட்டடங்களின் முகப்பில் கயிற்றில் தொங்கிப் பழுதுபார்த்த இரண்டு பேருக்கு இது புதிதில்லை. தொங்குபவருக்குச் சுவர் மட்டும் தெரியும். மேலே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். மேலே நிற்பவர் சொன்னால் சொன்னதுதான்.

மார்ச்சில் துறைமுகத்துக்கு எதிரே அந்த ஆறு மாடிச் சுவரில் மேலே நின்றது நான். விளிம்புக் கல் விலகுவதைக் கண்டது நான். ‘இறங்கு’ என்றேன். ‘ரண்டு நிமிசம்’ என்றாய். கல் காத்திருக்கவில்லை, உன் முழங்கால் போயிற்று. அதைப் பற்றி இதுவரை உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

பதில் வரும்வரை பானை கழுவுகிறேன்.

உன் தங்கை
கேசிகா


போர்கோ வெக்கியோ, பலேர்மோ
ஜூலை 16

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் நலமும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் தொண்ணூறு பாகை மடங்குகிறது என்று வைத்தியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தடியோடு சந்தைவரை போய் வருகிறேன். மீன்காரன் தூரத்தில் கண்டதுமே “மலையேறி வாறார், வழி விடுங்கோ!” என்று இத்தாலியனில் கத்துகிறான். சந்தை முழுக்க வழி விடுகிறது. மரியாதையா நக்கலா என்று கேட்டால் இரண்டும்தான் என்கிறான்.

ஓம். உன் வேலையை எடுக்கிறேன்.

அம்மாவிடம் சொல்வதுதான் பாடாக இருந்தது. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று சொன்னேன்.

“நேர ஏற ஏலாதம்மா. மூண்டு தரம் ஏறி மூண்டு தரம் இறங்கவேணும்.”

கத்தி நின்றது. “மூண்டு தரமோ?”

“ஓம்.”

“வெறுங்காலோடையோ?”

“பனியம்மா அது. சப்பாத்தோடைதான்.”

“அது காரியமில்லை. அம்மாளாச்சிக்குத் தெரியும்.” கத்தியைக் கீழே வைத்தார். “உன்ரை காலுக்குத்தானே நேர்ந்தவள்?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், கேசிகா. சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. இத்தனை வருடத்தில் நீ மலைக்குப் போவதற்கு எதிராக ஒரு சொல் வராத முதல் நாள் அது. பின்னேரம் கீழ்வீட்டுச் செலஸ்ரீனா அன்ரிக்கும் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தால் சந்தைக்குத் தெரிந்த மாதிரி.

மூன்று தரம் ஏறி இறங்குவது, நேர்த்திக்கு நல்லூர்க் கோயில் வீதியை மூன்று தரம் சுற்றுவது போல, அம்மாவுக்கு முழுதாக விளங்கிவிட்டது. இரத்தம், ஒட்சிசன் என்று நான் சொன்ன எதுவும் விளங்கவில்லை.

திருத்தட்டுமா? எழுது.

அண்ணா
அனுசன்


தாராபானி, நேபாளம்
ஓகஸ்ட் 29

அன்பு அண்ணாவுக்கு,

பயணம் சுகம், நானும் சுகம். உங்கள் எல்லோரது சுகத்தையும் இந்த மழைக்குள் நின்று விசாரிக்கிறேன்.

திருத்தாதே. இப்போதைக்கு.

பதில் எழுத ஆறு வாரம் எடுத்தது இந்த இரண்டு சொல்லுக்காக. முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. என் மலையை அம்மா உன் காலுக்குக் கொடுத்துவிட்டார் என்று. பிறகு அதுவும் போய்விட்டது. அம்மா அழாமல் இருக்கிறார். அது போதும்.

நடக்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம். அட்டைகள். கழுதைகளுக்கு வழி விட்டு மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளப்பக்கம் நின்றால் தள்ளிவிடும். குழுவில் ஆறு பேர். எனக்குத் துணையாக வரும் ஷெர்பாவின் பெயர் பெம்பா. நாற்பத்து நான்கு வயது. எனக்குப் பின்னால்தான் நடக்கிறார். நான் வேகமாகப் போனால் இருமுகிறார். முதலில் அவருக்குச் சுகமில்லை என்று நினைத்தேன். அது ‘மெதுவாக’ என்பதன் பண்பான வடிவம்.

எந்த நாடு என்று கேட்டார். பலேர்மோ என்றேன். அதற்கு முன்பு? யாழ்ப்பாணம். அங்கே மலை எவ்வளவு உயரம்? எங்கள் ஊரில் உயரமான இடம் தண்ணீர்த் தாங்கி என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒரு திருப்பத்தில் தனியாகச் சிரித்தார்.

உடம்பு நன்றாக இருக்கிறது. இதை அடக்கமாக எழுதத் தெரியவில்லை. கால் தன் வேலையைத் தெரிந்து வைத்திருக்கிறது. காலையில் பையைத் தோளில் போடும்போது ஒரு சத்தம் வருகிறது, வாரின் சத்தம். அதைக் கேட்டாலே எனக்கு நம்பிக்கை வருகிறது.

அன்போடு
கேசிகா


பலேர்மோ
செப்டெம்பர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம், அம்மாவின் பாதத்தைத் தவிர. அதிலும் கொப்புளம்தான்.

இன்றைக்குப் புனித ரோசாலியாவின் திருநாள். அம்மாவும் செலஸ்ரீனா அன்ரியும் விடிய வெளிக்கிட்டு பெல்லக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு நடந்தார்கள். அன்ரி செபமாலையோடு, அம்மா கற்பூரத்தோடு. குகைக் கோயிலுக்குள் இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியைத்தான் ஏற்றினார்களாம். “உன்ரை கடவுள் எண்டும் என்ரை கடவுள் எண்டும் மலையிலை ஆர் பாக்கிறது” என்றாராம் அன்ரி.

உனக்கு ஒன்று தெரியுமா? பலேர்மோத் தமிழருக்குக் கிரிக்கெட் ஸ்கோர் ஆகிவிட்டாய். கீழே பஸ் தரிப்பில் என்னைப் பிடித்தார் அருளையா அண்ணை.

“தம்பி, பிள்ளை இப்ப எத்தினையாம் தரம்?”

“இன்னும் முதலாந்தரமே தொடங்கேல்லை, அண்ணை.”

“அப்ப அங்கை என்ன செய்யிறாள்?”

“நடக்கிறாள்.”

“நடக்கவோ அவ்வளவு தூரம் போனவள்? இஞ்சை கடற்கரையிலை நடந்திருக்கலாமே.”

அதற்குப் பதிலை நீ வந்து சொல்.

நான் தயார். இலக்கங்களை எழுத ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். என் கட்டிலுக்கு மேலே மலையின் படம் ஒட்டியிருக்கிறேன், முகாம்கள் நான்கையும் சிவப்பில் குறித்து. வேறு என்ன எழுத? படுத்திருப்பவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது, நிறையச் செய்தி இல்லை.

அண்ணா
அனுசன்


மனாஸ்லு அடிவார முகாம்
செப்டெம்பர் 10

அன்பு அண்ணாவுக்கு,

சுகம் பற்றி இனி இலக்கத்தில். இன்று காலை: ஒட்சிசன் 82. நாடி 84. உருளைக்கிழங்கும் அரைத் தட்டுச் சோறும். இங்கே உயரம் நாலாயிரத்து எண்ணூறு. நீங்கள் எல்லோரும் கடல் மட்டத்தில் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வழியில் லார்க்கே கணவாயைக் கடந்தோம். ஐயாயிரத்து நூறு. தலைவலி வந்தது, இறங்கியதும் கழன்றது. பிறகு சாமாகாவ்ன் என்ற ஊரில் மூன்று நாள். கல் வீடுகள், யாக் மாடுகள். அங்கே தூங்கிய தூக்கம் போல நான் பலேர்மோவில் ஒரு நாளும் தூங்கியதில்லை.

நேற்று பூசை. லாமா வந்தார். கல்லால் ஒரு பீடம் கட்டி, எல்லோருடைய பனிக்கோடரிகளையும் சப்பாத்து முட்களையும் அதன்மேல் சாய்த்து வைத்தார்கள். இது முடியாமல் ஒருவரும் மேலே கால் வைப்பதில்லை. முடிவில் ஒருவர் கன்னத்தில் ஒருவர் மாவு பூசினோம். பெம்பா என்னிடம், யாருக்காவது வேண்டிக்கொண்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, அம்மாவின் கணக்கில் வேண்டியாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது விநோதமாகப் படவில்லை. தன் மனைவியும் அப்படித்தான் என்றார்.

மேலே பார்த்தால் பனி ஒரு வேலைத்தளம் போல இருக்கிறது. எங்கே நிலைக்கயிறு, எங்கே விளிம்பு, எங்கே தொங்கும் கட்டி. எனக்குத் தெரிந்த மொழி. நாளை முதல் தரம்.

கேசிகா


பலேர்மோ
செப்டெம்பர் 11

தங்கச்சி,

இங்கே சுகம். 82 நல்லது. 84 பரவாயில்லை, இன்னும் இறங்கும். தண்ணீர் குடி, சோற்றை முழுதாகச் சாப்பிடு. ஏறு.

கொப்பியில் முதல் வரி எழுதியாயிற்று. மனம் துள்ளுகிறது. எனக்கு, உனக்கில்லை.

அண்ணா


அடிவார முகாம்
செப்டெம்பர் 18

அன்பு அண்ணாவுக்கு,

ஒட்சிசன் 86. நாடி 68. பருப்பும் சோறும் இரண்டு தட்டு. இதைவிட நல்ல சுகத்தை யாரும் யாருக்கும் எழுதியிருக்க முடியாது. அம்மாவின் கொப்புளம் ஆறிவிட்டதா?

இரண்டு தரம் முடிந்துவிட்டது. முதல் தரத்து இலக்கங்கள் முன்பே உன்னிடம் இருக்கின்றன. முதல் தரம் ஐயாயிரத்து எழுநூறில் ஓர் இரவு, மூச்சுக்காக எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தரம் அதே இடத்தைத் தாண்டும்போது அது பக்கத்து வீடு போல இருந்தது. ஆறாயிரத்து நானூறில் இரண்டு இரவு தங்கினோம். இடையில் ஒரு செங்குத்துச் சுவர். கயிற்றில் ஏறினேன். முன்னால் போன ஒருவர் முடிச்சில் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் தொங்கியபடியே காத்திருந்து, கையால் காட்டிக் கொடுத்தேன். நீ பார்த்திருக்க வேண்டும். நீ செய்திருப்பாய், என்னைவிட வேகமாக.

பெம்பா இப்போது இருமுவதில்லை.

உடம்பு என்பது ஒன்றல்ல, அண்ணா. ஒவ்வோர் உயரத்திலும் ஒருத்தி இருக்கிறாள். கீழே உள்ளவள் மேலே உள்ளவளை நம்ப மாட்டாள். இறங்கி வந்து ஒருத்திக்கு மற்றவளை அறிமுகம் செய்ய வேண்டும். இந்த வாக்கியத்தை அம்மாவுக்கு வாசிக்காதே.

மூன்றாம் தரம் நாளை மறுநாள்.

கேசிகா


அடிவார முகாம்
செப்டெம்பர் 24

அண்ணாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அறிய விருப்பம்.

மூன்றாம் தரம் முடிந்தது. ஆறாயிரத்து எண்ணூறில் ஓர் இரவு. காற்று. இறங்கிவிட்டோம்.

ஒட்சிசன் 86. நாடி 68. பருப்பும் சோறும் இரண்டு தட்டு.

28ஆம் திகதி உச்சிக்குப் புறப்பாடு. வானிலை நன்றாக இருக்கிறது.

கேசிகா


பலேர்மோ
செப்டெம்பர் 27, காலை

கேசிகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. என் பங்கை மட்டும் இந்தக் கடிதத்தில் சரியாக எழுதுகிறேன்.

மூன்றாம் தரமும் இறங்கிவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மா காலண்டரைப் பார்த்து நேற்றைக்கு நாள் வைத்துவிட்டார். பொங்கல், வடை, மோதகம். செலஸ்ரீனா அன்ரி கேக். நம் இரண்டு அறைக்குள் இருபத்தைந்து பேர், வாசலில் மீன்காரனும். நேர்த்தி நிறைவேறிவிட்டதாம். அம்மாவைப் பொறுத்தவரை நீ செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டாய். உச்சி என்று ஒன்று இருப்பதே கணக்கில் இல்லை.

எல்லோரும் சாப்பிட்டபின் அம்மா என் தடியை எடுத்தார். அலுமாரிக்குப் பின்னால் செருகினார். “இனி இது தேவையில்லை. நட, அப்பு” என்றார்.

நடந்தேன். குசினியிலிருந்து வாசல்வரை பதினொரு அடி. ஒவ்வோர் அடியும் முழங்காலுக்குள் கண்ணாடி உடைவது போல. சிரித்தேன். அருளையா அண்ணை கைதட்டினார். யாரோ “அம்மாளாச்சி!” என்றார்கள். அம்மா அழுதார், சந்தோசமாக. அப்பா மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார், கைதட்டவில்லை.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். வெளியே “பாத்தியளே, என்ன நடை!” என்று கேட்டது. கண்ணாடியில் என் முகம் நன்றாக, தெளிவாக, சுகமாக இருந்தது. நானே நம்பியிருப்பேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்ட முகம்.

அப்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘அப்போதுதான் கண்டுபிடித்தேன்’ என்று எழுதத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். பொய். வந்த அன்றே கண்டேன். 86, 68, இரண்டு தட்டு. கொப்பியில் மேல்வரியும் கீழ்வரியும் ஒன்று. ஆறாயிரத்து எண்ணூறில் படுத்து எழும்பி வந்த ஒருத்திக்கு நாடியில் ஓர் இலக்கம்கூட மாறாமல் இருக்காது. அந்த மலைவிடுதியிலிருந்து ‘கை நின்று யோசிக்கிறது’ என்று எழுதியவள் ஆறு வரியில் ஒரு மலையை முடிக்க மாட்டாள்.

மூன்று நாள் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். ஏனென்றால் நான் சொன்னால் நீ இறங்குவாய். நீ இறங்கினால் உச்சியில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். நானும்தான். கட்டிலுக்கு மேலே உள்ள படத்தில் நான் உன் பெயரைக் குறிக்கவில்லை, கேசிகா. போய்ப் பார்த்தேன். ‘நாங்கள்’ என்று குறித்திருக்கிறேன்.

இறங்கு. அடிவார முகாமிலேயே ஓய்வெடுப்பது அல்ல. சாமாகாவ்ன் ஊருக்கு. இன்றைக்கே.

அனுசன்


அடிவார முகாம்
செப்டெம்பர் 27

அண்ணா,

71. 104. அரைக் கோப்பைக் கஞ்சி, அதுவும் நிற்கவில்லை. தலைவலி ஐந்து நாளாக. இருமல்.

மற்றவர்கள் நாளைக்கு மேலே போகிறார்கள். நான் பையைக் கட்டிவிட்டேன், கீழே போக. பெம்பா என்னோடு வருகிறார்.

உன்மீது கோபமாக இருக்கிறேன். ஆகவே இன்று யாருடைய சுகமும் விசாரிக்கவில்லை.

கே.


சாமாகாவ்ன்
செப்டெம்பர் 30

அன்பு அண்ணாவுக்கு,

விட்ட இடத்திலிருந்து கேட்கிறேன். அம்மா, அப்பா, செலஸ்ரீனா அன்ரி எல்லோரும் சுகமா? உன் முழங்கால் உண்மையில் எத்தனை பாகை?

இங்கே 91. நாடி 64. இன்று காலை பெம்பா என் தட்டைப் பார்த்து, வீட்டுக்காரியிடம் ஏதோ சொன்னார். அவர் பானையையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். அதையும் முடித்தேன். தட்டுகளை எண்ண முடியாது. பெம்பாவைக் கேள், சாட்சி அவர்.

வேறு ஒரு குழுவின் வைத்தியர் இங்கே இருக்கிறார். முதுகில் காதை வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தம், தண்ணீர் இல்லை. களைப்பும் தொண்டையும்தான், இன்னும் ஒரு நாள் அங்கேயே இருந்திருந்தால் வேறு கதை என்றார். முதல் இரவு பதினான்கு மணித்தியாலம் தூங்கினேன். விழித்தபோது தலைவலி இல்லை. அது இல்லாத இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

அந்த இலக்கங்களை ஏன் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். அன்று காலை விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் 71 என்று காட்டியது. பழுது என்று நினைத்தேன். உண்மையாகவே. விரலை மாற்றினேன், கையைத் தேய்த்தேன், மறுபடி 71. பழைய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். இதுதான் நான், மற்றது மீற்றரின் பழுது என்று தோன்றியது. பொய் எழுதுகிறேன் என்ற எண்ணமே வரவில்லை, அண்ணா. கை நிற்கவில்லை. அதுதான் இப்போதும் என்னைப் பயப்படுத்துகிறது.

இன்னொரு செய்தி. கடைசிக் குழுக்கள் ஒக்ரோபர் முதல் வாரம் போகின்றன. கயிறுகள் இன்னும் இருக்கின்றன. பெம்பா, உனக்கு முடியும் என்கிறார். வைத்தியரும் தடுக்கவில்லை. எனக்கும் முடியும் என்றுதான் தெரிகிறது. ஆனால் எனக்கு அப்படித்தானே தெரியும்.

நீ சொல்.

கேசிகா


பலேர்மோ
ஒக்ரோபர் 1

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் எழுபத்திரண்டு பாகை. புதன்கிழமை வைத்தியரிடம் அதையே சொல்லப் போகிறேன். இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும் என்பார். சரி. தடி அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை முழுதாக அம்மாவுக்கு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. அதற்கு முன்பு நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒன்று இல்லை, அது பழக்கம், உடம்புக்கு உயரம் பழக்குகிற முறை, மூன்று தரம் என்பது அதற்காக, மலையின் முடிவு இன்னும் மேலே இருக்கிறது, என் காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று.

அம்மா விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப நான் இருவத்தைஞ்சு பேருக்குப் பொங்கினது?”

“நல்ல பொங்கல்தான், அம்மா.”

“பகிடி விடாதை.” பிறகு: “அப்ப அவள் இவ்வளவு நாளும் தனக்காகத்தான் ஏறினவளோ?”

“ஓம்.”

“உனக்காக இல்லை?”

“இல்லை.”

அம்மா எழுந்து போய் அடுப்பை நிறுத்தினார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். “நான் இஞ்சை வந்து இருவது வரியமா வேலைக்கெண்டு மற்றவையின்ரை வீட்டுப் படியளைத்தான் ஏறி இறங்கிறன்” என்றார். “எனக்கெண்டு ஒரு படி ஏறினதில்லை. பெல்லக்ரீனோவும் உங்களுக்காகத்தான்.” அப்பா வானொலியை நிறுத்தினார். “எழுது அவளுக்கு. நல்லாச் சாப்பிட்டிட்டு ஏறச் சொல்லு. தனக்கெண்டு ஏறுறவள் வெறுவயித்தோடை ஏறக்கூடாது.”

எழுதிவிட்டேன்.

இனி என் பக்கம். நீ ‘நீ சொல்’ என்கிறாய். சொல்ல மாட்டேன். ஏறு என்றும் இல்லை, இறங்கு என்றும் இல்லை. அந்த உரிமையை நீ தந்தபோது மேலே நிற்பவன் நான் என்று நினைத்தேன். நானும் உன்னோடு கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். தொங்குகிறவனிடம் அதைக் கேட்கக் கூடாது. ஒரு தரம் சரியாகச் சொன்னேன், அதுவும் மூன்று நாள் பிந்தி. இனி உன்னுடையது. திரும்பும் நேரம் ஒன்றை வைத்துக்கொள், இலக்கத்தில், எழுதி. பெம்பாவிடம் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம்.

படத்தைக் கட்டிலுக்கு மேலிருந்து கழற்றிவிட்டேன். ‘நாங்கள்’ போய்விட்டது. அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது. பரவாயில்லை.

அண்ணா
அனுசன்


காத்மண்டு
ஒக்ரோபர் 12

அன்பு அண்ணாவுக்கு,

96. நாடி 58. இரண்டு நாளாகச் சாப்பாடும் தூக்கமும்தான். மூக்கு நுனி உரிகிறது, விரல்கள் பத்தும் இருக்கின்றன. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்களா? சனிக்கிழமை வருகிறேன், குறிக்காவிட்டால் நானே வந்து குறிப்பேன். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதை அவரே வாசிக்கட்டும்.

ஒக்ரோபர் 6. நான்காம் முகாம், ஏழாயிரத்து நானூறு. கொப்பியில் எழுதினேன்: நாளை காலை பத்து மணி, எங்கே நின்றாலும். பெம்பாவிடம் காட்டினேன். தலையாட்டினார்.

ஏறியது பற்றி எழுத அதிகம் இல்லை. ஒட்சிசன் முகமூடிக்குள் என் மூச்சின் சத்தம், நான்கு அடி, நிற்றல், நான்கு அடி. விடிந்தபோது எங்கள் மலையின் நிழல் மற்ற மலைகளின்மேல் விழுந்தது, முக்கோணமாக. நான் நன்றாக இருந்தேன். இந்த வசனத்தை முன்பு எழுதியிருக்கிறேன், நம்பாதே என்பாய். பெம்பா சாட்சி. உண்மையிலேயே நன்றாக இருந்தேன். நான்கு அடி ஆறடி ஆனது.

எட்டாயிரத்து முப்பதில் விளிம்பு ஒடுங்குகிறது. ஓர் ஆள் அகலம். அங்கே வரிசை. எனக்கு முன்னால் பதினான்கு பேர். மேலே ஒருவர் இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார், அவரைக் கடக்க ஒவ்வொருவராகக் கயிற்றை மாற்ற வேண்டும். நின்றோம். உச்சி தெரிந்தது. கொடிகள் தெரிந்தன. அதில் ஒன்று கிழிந்திருந்தது, அதுகூடத் தெரிந்தது.

ஒன்பது ஐம்பது. பெம்பா முகமூடியை விலக்கிச் சொன்னார்: “இன்னும் ஒரு மணித்தியாலம். காற்றில்லை. உனக்குப் பலம் இருக்கிறது.” எல்லாம் சரி. காற்று இல்லை. பலம் இருந்தது. எனக்கு எதிராக ஒரு காரணமும் அந்த மலையில் இருக்கவில்லை, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத் தவிர.

பத்து மணியானது. வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.

அந்த நேரத்தில் நீ சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். பெம்பா சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பேன். வலி வரும் என்று காத்திருந்தேன், பெரிதாக ஏதோ உடையும் என்று. வரவில்லை. பசித்தது. கொளுக்கியைக் கழற்றி மறுபக்கக் கயிற்றில் மாட்டினேன். முகமூடியை விலக்கி, “இறங்குவம்” என்றேன்.

பெம்பா என்னைப் பார்த்தார். பிறகு கொளுக்கியைத் தானும் மாற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார்.

முகாமில் தேநீர் குடிக்கும்போதுதான் நினைவு வந்தது, பெம்பாவிடம் அந்த ‘இறங்குவம்’ என்பதைத் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று.

உன் தங்கை
கேசிகா